மாட்டாஸ்பத்திரி நாய்

ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டிவனம் மாட்டாஸ்பத்திரிக்கு டாக்டராகப் போனபோது, அங்கே நாயைக் கொண்டுவருவதே ஒரு வேடிக்கையாக இருந்தது. கொம்பு முறிந்த காளை, கன்று போட முடியாமல் தவிக்கும் பசு, கழுத்துப் புண் வந்த வண்டிமாடு இவற்றுக்கு நடுவில் யாராவது ஒரு நாயைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தால், வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் காட்டுவார்கள். "நாய்க்குமா ஊசி?" என்று கேட்டவர்கள் மேல் நான் எரிந்து விழுவேன். அப்போது எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருந்தது. மெட்ராஸில் படித்த காலத்தில் நாய்களுக்கு அறுவை செய்வதில்தான் என் கை தேர்ந்திருந்தது. மாட்டுக் குளம்பைப் பார்த்தே ஆயுள் போய்விடுமோ என்ற வயிற்றெரிச்சல் வேறு.

அதனால் நானே மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு ஓர் ஆராய்ச்சி வேலையை வாங்கிக்கொண்டேன். அந்த வட்டாரத்து நாய்களுக்குச் சாதாரணமாக என்னென்ன நோய்கள் வருகின்றன, அவற்றில் எவற்றைக் கத்தி வைத்துத் தீர்க்கலாம் என்று பார்த்து எழுத வேண்டும். சொறி, காதில் சீழ், உண்ணிக் காய்ச்சல், குடல் புழு, வண்டிச் சக்கரம் ஏறிய கால் எல்லாம் கிடைத்தன. நான் தேடியது ஒரு கட்டியை. ஆண் நாய்க்குக் குறியிலும் பெட்டை நாய்க்குப் பிறப்புறுப்பிலும் சேவல் கொண்டை மாதிரி சிவப்பாக வளரும், ரத்தம் கசியும். இணை சேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டிக்கொண்டு ஒரு தெருவின் நாய்கள் அத்தனையையும் பிடித்துவிடும். அறுத்தெடுத்தால் அது மறுபடி முளைக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள நாயைக் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும். தெருவில் வளரும் நாயை யார் ஆஸ்பத்திரியில் விட்டுப் போவார்கள்?

ஒரு சந்தை நாளன்று, ஓமந்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா மாட்டுவண்டியில் நாயைக் கிடத்திக் கொண்டுவந்தார். நடுத்தர வயது. கணவர் இறந்துவிட்டார், சொந்த நிலத்தில் தனியாகவே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். நாய் வெள்ளையில் கறுப்புத் திட்டு போட்ட சாதாரண ஊர் நாய்.

"ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருதுங்க. எவனோ கல்லால அட்ச்சிட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன். இப்ப எழுந்து நிக்கவே பேஜாரா இருக்குது" என்றார்.

நான் தேடிய கட்டிதான். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அதை மறைத்துக்கொண்டு, அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் நாய் இங்கேயே இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"மல்லாட்டை புடுங்குறதுக்குள்ள சரியாயிடுமாங்க? ராத்திரியில நரி வந்து பள்ளம் பள்ளமா பறிச்சித் தின்னுட்டுப் போவுது. இது ஒண்ணு கொரச்சா ஊரு நாயெல்லாம் ஓடியாந்துடும். இது இல்லன்னா ஒண்ணும் எட்டிப் பாக்காதுங்க."

சரியாகிவிடும் என்று சொன்னேன். அந்த வருஷத்துச் சாப்பாடே அவருக்கு அந்த மல்லாட்டைதான் என்பது எனக்கும் புரிந்தது.

அறுவை நன்றாகவே நடந்தது. நரம்பில் மயக்க ஊசி போட்டு, கட்டியை வேரோடு எடுத்துத் தைத்து, ஊதா மருந்தைத் தாராளமாகப் பூசினேன். தையலை நக்காமல் இருக்க, பழைய தகர வாளி ஒன்றின் அடியைத் தட்டிக் கழற்றி நாயின் கழுத்தில் மாட்டினோம். வாளிக்குள்ளிருந்து அது பார்த்த பார்வைக்குக் கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் ஃபினாயில் ஊற்றிக் கழுவி, அங்கே கட்டிப்போட்டோம்.

அந்த அம்மா சந்தை நாள் தவறாமல் வருவார். கேப்பைக் களியை இலையில் சுற்றி எடுத்து வந்து, வாசலில் நின்றபடியே "தோ... தோ..." என்பார். கொட்டகைக்குள் வாளி கடகடவென்று ஆடும். ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"இட்டுக்கினு போயிடவாங்க?"

"தையல் பிரிக்கணும்மா."

தையல் பிரித்த பிறகு, "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும். திரும்ப முளைத்தால் உங்கள் ஊர் நாய் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும்" என்றேன். அது பொய்யில்லை. அப்படி வைத்துக்கொண்டது தப்பு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். வேறு எந்த டாக்டரானாலும் அப்படித்தான் செய்திருப்பார். ஆனாலும் அதை நினைத்து நான் வருத்தப்படாத வருஷம் இல்லை.

மல்லாட்டைச் செடி பழுக்கத் தொடங்கியபோது நாயை அனுப்பிவைத்தேன். அதுவே வண்டியில் தாவி ஏறிக்கொண்டது. அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் விழுப்புரத்தில் அதிகாரிகள் கூட்டம். என்னை நாய் டாக்டர் என்று கேலி செய்துகொண்டிருந்தவர்களே நான் சொன்னதைக் கேட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பாசஞ்சர் ரயிலில் தலைகால் புரியாமல் திரும்பி வந்தேன்.

அதற்கு அடுத்த காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அந்த நாய் படுத்திருந்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது. தொடையெல்லாம் கடி.

"விடிஞ்சதும் பாத்தேன் சார், கேட்டாண்ட சுருண்டுக்கினு கெடக்குது" என்றார் கம்பவுண்டர்.

நான் அந்த அம்மாவைத்தான் திட்டினேன். ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையா என்று கத்திக்கொண்டே காதைத் தைத்தேன். மத்தியானம் அவரே நடந்து வந்து சேர்ந்தார். முகமெல்லாம் புழுதி.

"வண்டியில இருந்து எறங்கனதும் அதுங்கூடச் சுத்துற நாய்ங்க எல்லாம் ஓடியாந்துச்சுங்க. மோந்து பாத்துச்சுங்க. அப்புறம் உறுமிக்கினு மேல பாஞ்சிடுச்சுங்க. மருந்து வாசனைன்னு ஏரியில முக்கி எடுத்தேன், வைக்கோல் வெச்சித் தேச்சேன். போவவே இல்ல. ராத்திரி நரி வந்துதுங்க. இது கொரச்சிது, கொரச்சிது, ஒரு நாயும் வரல. காலையில பாத்தா கயிறு அறுந்து கெடக்குது."

எனக்குச் சுருக்கென்றது. தொற்று, தையல், மறுபடி முளைப்பது என்று எல்லாவற்றையும் யோசித்தவன், நாய்க்கு ஒரு தெரு உண்டு என்பதை யோசிக்கவில்லை. எந்தப் பாடத்திலும் அது இல்லை.

விட மனசில்லாமல், காயம் ஆறியதும் நானே நாயோடு அவருடைய வண்டியில் ஏறிப் போனேன். தெருமுனையிலேயே அவை நின்றிருந்தன. முன்னால் ஒரு செம்பட்டை நாய். முன்பெல்லாம் அது எங்கள் நாயின் பின்னால்தான் ஓடுமாம். இப்போது இதனுடைய இடத்தில் அது நின்று பல்லைக் காட்டியது. நான் குச்சியை ஓங்கினேன். அந்த அம்மா, "தோ... தோ... வாடா, நம்ம ஊடுடா" என்று கை நீட்டிக் கூப்பிட்டார். நாய் வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பின்வாங்கி, வந்து ஒளிந்தது என் காலுக்குப் பின்னால். அவர் பக்கம் போகவில்லை. அதன் மேல் இருந்த வாசனை அங்கே என் மேல் மட்டும்தான் இருந்தது.

அவர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். "உங்ககூடவே இருக்கட்டுங்க" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் நரிகள் விட்டுவைத்ததைத்தான் அவர் பிடுங்கினார். கோணிப் பைகள் பாதிகூட நிறையவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். கட்டி திரும்ப முளைக்கவே இல்லை. என் கட்டுரையில் அந்த நாய் முழுக்கக் குணமான ஒன்று, அதற்காக மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது. அதைப் படிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

நாய் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. அந்த அம்மா சந்தை நாட்களில் வருவதை நிறுத்தவில்லை. ஆனால் "தோ... தோ..." என்ற குரல் மட்டும் அதன் பிறகு கேட்கவில்லை. பேசாமல் வந்து வேலியோரம் இலையை விரிப்பார். நாய் தானாகவே மோப்பம் பிடித்து ஓடிப்போய், களியைத் தின்றுவிட்டு அவர் கையை நக்கும். கிளம்பும்போது ஓமந்தூர் சாலை பிரிகிற இடம் வரைக்கும் கூடவே போகும். அங்கே நின்றுவிடும். அவர் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடப்பார்.

ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டேன். "ஏம்மா, இப்பல்லாம் நீங்க அதைக் கூப்பிடறதே இல்லையே?"

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கூப்ட்டா பின்னாலேயே ஊருக்கு வந்துடுமோன்னு பயமா இருக்குதுங்க. வந்தா அந்த நாய்ங்க இத்தக் கொன்னுடுங்க."