முதல் பெட்டியில் வைத்த மஞ்சள்

எங்கள் வீட்டில் குனிந்து வணக்கம் சொல்ல ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பாவின் சரக்குக் கிட்டங்கியைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஒருவர் வருகிறார் என்று முடிவானதும், அந்த நாட்டு வழக்கங்களை எங்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பைச் சித்தப்பா தானாகவே எடுத்துக்கொண்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்டிடம் குமாஸ்தா வேலை அவருக்கு. ஜப்பானைக் கப்பல் காகிதங்களில் மட்டுமே பார்த்தவர். ஆனாலும் எவ்வளவு குனிய வேண்டும், விசிட்டிங் கார்டை ஏன் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கியதும் ஏன் சட்டைப்பையில் திணிக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னார். தொந்தி தடுக்க அப்பா மூச்சுப்பிடித்துக் குனிவதைப் பார்த்து நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கிட்டங்கி தூத்துக்குடிப் பக்கத்திலுள்ள சின்னப் புதுக்கோட்டையைத் தாண்டி, திருநெல்வேலி ரோட்டின் மேல் இருந்தது. சாத்தான்குளம் பக்கம் விளையும் நிலாவாரை இலையை அப்பா வாங்கிக் காயவைத்து, தரம் பிரித்து, தூத்துக்குடியில் ஒரு பெரிய வியாபாரிக்குக் கொடுப்பார். அவர் அதைத் தன் பெயரில் கப்பலேற்றுவார். வெளிநாட்டில் அந்த இலையைத் தேநீர்போல் போட்டு மலச்சிக்கலுக்குக் குடிக்கிறார்களாம். பாதி உலகத்துக்குக் காலைக்கடன் நம்மால்தான் கழிகிறது என்று சித்தப்பா பெருமையாகச் சொல்வார். பெட்டியின் மேல் தன் பெயரை அச்சடித்துத் தானே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பது அப்பாவின் பல வருட ஆசை. அதற்குக் கிடைத்த முதல் ஆள்தான் இந்த ஜப்பான்காரர்.

வந்தவர் ஒல்லியான, மெதுவாகப் பேசும் மனிதர். நாங்கள் குனிவதற்குள் அவர் கைகூப்பி “வணக்கம்” என்றுவிட்டார். அவரும் எங்கேயோ ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டு அதில் எழுதிக்கொண்டார். வாசலில் ஏன் கோலம் போட்டிருக்கிறது, நிலைப்படியில் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் ஏன் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள், இலையை ஏன் கையால் பிரிக்கிறீர்கள்? சித்தப்பா தன் இங்கிலீஷ் கையிருப்பு முழுவதையும் செலவழித்துப் பதில் சொன்னார்.

கார் கிளம்பியதும் அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஏலே, என்னல இது! ஏன் ஏன்னு கேட்டே மனுசன கொல்லுதான். நம்மள நம்பலையோ?”

“அதான்ணே. குத்தம் கண்டுபிடிக்கத்தான் கேக்கான்” என்றார் சித்தப்பா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏன் என்று டீச்சர் கேட்டால் அடுத்தது பிரம்புதான்.

ஆனால் ஆர்டர் வந்துவிட்டது. கூடவே நிபந்தனைகள் எழுதிய காகிதமும் வந்தது. பெட்டிக்குள் இலையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. கல், முடி, நூல், வேறு செடியின் துண்டு எதுவும் ஆகாது. வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் துணித்தொப்பி வந்தது. வளையலையும் தலைப்பூவையும் வாசலிலேயே கழற்றி ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆளுக்கொரு நம்பரும் உண்டு. யார் அடைத்த பெட்டி என்று தெரிய அந்த நம்பரைப் பெட்டியில் ஒட்ட வேண்டும். பேச்சியக்காவுக்கு நாலாம் நம்பர். தலையில் பூ இல்லாமல் அவளை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

“அண்ணாச்சி, எம்மாமியா செத்த அன்னைக்கிகூட நான் பூவ எடுக்கல. இந்த ஜப்பான்காரனுக்காவ எடுக்கேன் பாத்துக்கிடுங்க” என்று அவள் சொல்ல, கிட்டங்கியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பலசரக்குக் கடை வைத்திருந்த காலத்திலிருந்தே, புது இடத்துக்குப் போகும் முதல் மூட்டைக்குள் ஒரு விரலி மஞ்சளை வைத்துத்தான் வாயைத் தைப்பார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதை வைப்பது அம்மாதான். பெட்டி அடைக்கும் நாளன்று அம்மா பட்டுச்சேலை கட்டி, தட்டில் மஞ்சளும் குங்குமமுமாகக் கிட்டங்கிக்கு வந்தாள்.

“ஏளா, அத அங்கன வையி. உள்ள ஒரு துரும்பு போவக்கூடாது” என்றார் அப்பா.

“மொத பெட்டில்லா...”

“அவனுக்கு மஞ்சளும் தெரியாது, குங்குமமும் தெரியாது. பேசாம இரி.”

அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மஞ்சள் இல்லாமல் போகிற சரக்கு கொழும்பைக்கூடத் தாண்டாது, அப்பாவின் பெயரோடு கடலில் மூழ்கிவிடும் என்று உறுதியாக நம்பினேன். தட்டிலிருந்து மஞ்சளை எடுத்தேன். ஒன்றாம் நம்பர் பெட்டி திறந்து கிடந்தது. பேச்சியக்கா திரும்பி டேப்பை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், இலைக்குள் முழங்கை வரை கையை விட்டு மஞ்சளை அடியில் வைத்துவிட்டேன். அப்பாவை நான்தான் காப்பாற்றினேன் என்ற பெருமிதத்தில் அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நடுவில் ஒரு படம். வெள்ளைத் துணியின் மேல் எங்கள் விரலி மஞ்சள், பக்கத்தில் அதன் நீளத்தைக் காட்ட ஒரு ஸ்கேல். பெட்டி நம்பர் ஒன்று, ஆள் நம்பர் நாலு என்று கீழே எழுதியிருந்தது. எல்லாப் பெட்டிகளையும் பிரித்துச் சோதிக்கிறார்களாம். சித்தப்பா இரண்டு தடவை படித்தார்.

“இது எப்படி உள்ள வந்துச்சுன்னு கேக்கான்ணே.”

“எப்படி வந்துச்சுன்னா என்னல? யாரு வச்சதுன்னு கேக்கான்” என்றார் அப்பா.

பேச்சியக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நாலாம் நம்பரு நாந்தான அண்ணாச்சி. எம்பெட்டிதான்” என்றாள்.

“நல்லதுக்குத்தான வச்சிருப்பா, விட்டுருங்களேன்” என்று அம்மா இழுத்தாள். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று அப்பா கத்தினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பேச்சியக்கா தொப்பியைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தாள். வாசல் தட்டிலிருந்து தன் பூவை எடுத்துத் தலையில் சொருகிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். இப்போது சொல்லவே கூசுகிறது. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அன்று சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாகவே உள்ளே போனது.

தவறு செய்த ஆளை நீக்கிவிட்டோம் என்று சித்தப்பா பதில் எழுதினார். நன்றி சொல்லி மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. அதன்பிறகு ஆர்டர் எதுவும் வரவில்லை. அப்பா பழையபடி பெரிய வியாபாரியிடமே போய் நின்றார். அப்பாவின் பெயர் அச்சடித்த பெட்டிகளில் எங்கள் வீட்டுப் பழந்துணி கிடந்தது. ஜப்பான்காரனுக்கு ஈவு இரக்கம் கிடையாது என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. அதற்கென்று இருக்கும் படிவத்தில் முதல் கேள்வியே காரணம் என்ன என்பதுதான். ஆள் பெயர் எழுத அதில் இடமே கிடையாது.

அப்பா போனபிறகு கிட்டங்கியை ஒழித்தபோது அந்தக் கடிதங்கள் கிடைத்தன. உட்கார்ந்து படித்தேன். இது என்ன, இதற்கு உங்கள் ஊரில் ஏதாவது அர்த்தம் உண்டா, எப்படி உள்ளே வந்தது, காரணம் தெரிந்தால் இரண்டு பேருமாக ஒரு வழி செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். அடியில் பேனாவால், நோட்டோடு வந்த அந்த மனிதரின் சின்ன எழுத்தில் ஒரு வரி: நிலைப்படியில் பார்த்த எலுமிச்சம்பழத்தைப் போன்றதா இதுவும்? சித்தப்பா அதைப் படித்துக் காட்டிய ஞாபகமே எனக்கு இல்லை. அடுத்த கடிதத்தில், அந்தப் பெண்ணை நீக்கியது வருத்தமளிக்கிறது, காரணம் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று இருந்தது.

அந்த ஜப்பான்காரர் ஏறக்குறைய கண்டுபிடித்தேவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஏன் வைத்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

மறுவாரம் பேச்சியக்காவைத் தேடிப் போனேன். கிட்டங்கியை விட்டதிலிருந்து அவள் உப்பளத்துக்குத்தான் போயிருக்கிறாள். பாதம் முழுக்க வெடிப்பு. உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டாள். நான் ஆரம்பிப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும் பாப்பா. நீ கைய விட்டத பாத்துட்டுத்தான டேப்ப ஒட்டுனேன். மொத பெட்டி வெறுமன போவக்கூடாதுன்னு எனக்கும் இருந்துச்சு.”

“பிறகு ஏங்க்கா அன்னைக்கு ஒண்ணும் சொல்லல?”

“நீ சொல்லுவன்னு பாத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அன்று அவள் என்னைப் பார்த்தபோது, காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துத்தான் நான் தலையைக் குனிந்தேன். எனக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. ஜப்பான்காரருக்காக ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்ததாலோ என்னவோ, அன்று நன்றாகவே குனிந்தேன்.