மின்வெட்டில் திறந்த ஆம்ப்ளிஃபையர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செம்பாக்கத்தில் குடியிருந்தோம். நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். ஆசை ஆசையாகப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கியிருந்தேன். வாசித்தால் கரகரவென்று இரையும்.

ஒரு மாலை பயிற்சியின் நடுவே கரண்ட் போனது. கரண்ட் இல்லாத நேரம்தான் ரிப்பேருக்குப் பாதுகாப்பு என்பது என் நினைப்பு. பிளக்கைக்கூடக் கழற்றாமல் பின்பலகையைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் தளர்ந்த ஒயரைத் தேடினேன்.

என் மனைவி மிக்ஸியோடு வந்தாள். ஆம்ப்ளிஃபையரைச் செருகியிருந்ததுதான் வீட்டின் ஒரே மூன்று பின் பாயிண்ட். “கரண்ட் வந்த உடனே சட்னி அரைக்கணுங்க” என்று என் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள்.

“கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?” என்று சிடுசிடுத்தபடி உள்ளே விரலை நீட்டினேன். தொடுவதற்குள் மிக்ஸி அலறியது. கரண்ட் வந்துவிட்டது. என் பிளக் தரையில் கிடந்தது.

மறுநாள் ஆம்ப்ளிஃபையரைப் பார்க்க வந்த மெக்கானிக், நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளுக்குள்ள கரண்ட் தேங்கி நிக்கும் சார். நீங்க கை வெக்கவே வெக்காதீங்க.”

இப்போது வெளித்தூசு துடைப்பதோடு சரி. அதற்கும் பிளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். பயிற்சி நேரத்தில் மிக்ஸி ஓடினால் முன்பெல்லாம் கத்துவேன். இப்போது கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அது ஓடி முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.