வளர்ந்தான் என்று சொல்லாத ஒழுங்கை

“மதுரன் நல்லா வளந்திட்டான், என்னக்கா?” என்று விதுர்ஷா கேட்டதுதான் தாமதம், சுலோஜனா இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டு மாக் கையோடு அவள் வாயைப் பொத்த வந்தாள்.

“வாய மூடு புள்ள! பச்சைப் புள்ளையப் பாத்து ஆராவது அப்பிடிச் சொல்லுவாங்களா?”

“மறுகா என்னெண்டு சொல்லுற?”

“வத்திட்டான், காஞ்சிட்டான், ஓணான் மாதிரி இரிக்கான் எண்டு சொல்லு. கண் படாது.”

“கொழுகொழு எண்டு இரிக்கானே அக்கா.”

“இன்னொண்டும் சொல்லிட்டாள்! துப்புகா, மூண்டு தரம் துப்பு.”

விதுர்ஷா துப்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஆச்சிப்பிள்ளை நிமிர்ந்து, “ரெண்டு பாசை படிச்சும் பேசத் தெரியல்லயே இவளுக்கு” என்றாள். மூவரும் சிரித்தார்கள். ஏணைத் தொட்டிலுக்குள் கிடந்த இரண்டு மாதப் பிள்ளை மதுரனும் காலை உதைத்தான்.

விதுர்ஷா அன்று சொற்கள் சேகரிக்கத்தான் வந்திருந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மட்டக்களப்பில் சிலர் தயாரித்துக்கொண்டிருந்த தமிழ் ஆங்கில அகராதியில் ‘வளர்ச்சி’ என்ற பகுதி அவளுடையது. துளிர்த்தல், தழைத்தல், பருத்தல், முதிர்தல் என்று எழுதி வைத்திருந்தாள். வீட்டில் புழங்கும் சொற்கள்தான் போதவில்லை. சுலோஜனா தாராளமாகத் தந்தாள். பயிர் குருத்து விடும், இறால் பருக்கும், மழைக்கு வாவி பெருகும். பிள்ளைக்கு மட்டும் அவளிடம் ஒரு சொல்லும் இல்லை.

சுலோஜனா வாழைச்சேனையில் பிறந்தவள். வாவியில் வலை வீசும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு ஆரையம்பதிக்கு வந்தாள். அவள் அவிக்கும் இடியப்பம் மூன்று கடைகளுக்குப் போனது. இடியப்பம் சிறுத்துவிட்டது என்று முறையிட்ட கடைக்காரரிடம், “உங்கட வாய்தான் பெருத்துப் போச்சு” என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். அவளுடைய குரல் அந்தக் குறுந்தெருவின், ஒழுங்கையின், அடுத்த முனை வரை கேட்கும். அப்படிப்பட்டவள் பிள்ளை விடயத்தில் மட்டும் நடுங்கினாள். மூத்த மகளுக்குப் பிறகு இரண்டு கரு தங்காமல் போய், எட்டு வருடம் கழித்து வந்தவன் மதுரன். அவன் கன்னத்துப் பொட்டு நாணயம் அளவுக்கு இருந்தது.

மாரிக்காலம் பிறந்தது. ஒரு மாதம் வெள்ளத்தால் பிள்ளைகளை நிறுக்கும் கிளினிக் நடக்கவில்லை. அடுத்த மாதம் மூத்தவளுக்கு அம்மாள் வருத்தம் போட்டது, உடம்பெல்லாம் கொப்புளம். வேப்பிலை கட்டிய வாசலை எவரும் மிதிக்கவில்லை. அவர்களும் வெளியே போகவில்லை. சுலோஜனா வேலியோரம் வந்து நின்று மட்டும் பேசினாள்.

“புள்ள வத்திட்டான்கா.”

“ஓமோம், ஓணான்தான்” என்றாள் ஆச்சிப்பிள்ளை.

“மெய்யாத்தான் சொல்லுறன்.”

“நாங்களும் மெய்யாத்தானே சொல்லுறம்!”

அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. புருசனிடம் சொன்னபோது அவரும், “சும்மா இரி, எல்லாத் தாயும் சொல்லுறதுதானே” என்று வலையை எடுத்துக்கொண்டு போனார். அவளும் போய் மாவைக் குழைத்தாள்.

அம்மாள் இறங்கி மூத்தவளுக்குத் தண்ணீர் வார்த்த பிறகு விதுர்ஷா அந்த வீட்டுக்குப் போனாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தான். “கை முழுக்க மா. ஒருக்காத் தூக்கு புள்ள” என்றாள் சுலோஜனா. ஐந்து மாதப் பிள்ளைக்கு வேண்டிய பலத்தைக் கொடுத்து விதுர்ஷா தூக்கினாள். அவள் கைகள் முகத்துக்கு நேரே எழும்பிவிட்டன. பாரமே இல்லை. துணிச்சுருளுக்குள் ஒன்றும் இல்லையோ என்று ஒரு கணம் பதறினாள். நெற்றி வியர்த்திருந்தது, விலா எலும்புகள் அவள் விரல்களுக்கிடையில் வேகவேகமாக ஏறி இறங்கின.

விதுர்ஷா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தாள். சுலோஜனா அவள் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைக்கவும் இல்லை, கை கழுவவும் இல்லை. தெருவுக்கு ஓடி ஓட்டோவை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் தாதி, “எப்ப இருந்து பிள்ளை இப்படி மெலியுது?” என்று கேட்டாள்.

“பிறந்த நாளில இருந்து சொல்லிக்கொண்டுதான் இரிக்கன்.”

“பிறந்த நாளில இருந்தா? இவ்வளவு நாளும் என்னம்மா செய்தீங்க?”

சுலோஜனா தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவள் போல் வாயைத் திறந்தபடி நின்றாள். கையில் ஒட்டிய மா காய்ந்து வெடித்திருந்தது.

இருதயத்தில் ஓட்டை என்றார்கள். குடிக்கும் பாலெல்லாம் மூச்சு வாங்கவே செலவாகிறது என்று வைத்தியர் விளக்கினார். அன்றே கொழும்புக்கு அனுப்பினார்கள். பிள்ளை பிழைப்பான் என்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து, நெஞ்சில் நீளத் தழும்போடு மதுரன் ஒருநாள் வீடு வந்து சேர்ந்தான்.

ஒழுங்கையே பார்க்க வந்தது. ஆச்சிப்பிள்ளை ஏணையை விலக்கி, கண் கலங்க, நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்: “என்ட மனே, காஞ்சு போனியேடா!”

சுலோஜனா விறைத்துப்போனாள். வந்தவர்கள் போகும் வரை ஏணையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பிறகு விதுர்ஷாவின் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி விதுர்ஷா கேட்டதே இல்லை.

“விது, கிழமைக்கு ஒருக்கா வந்து இவனத் தூக்கிப் பாரு. கூடியிருந்தாக் கூடியிருக்கு எண்டு சொல்லு, குறைஞ்சிருந்தாக் குறைஞ்சிருக்கு எண்டு சொல்லு. கண் பட்டாப் படட்டும். நீ ஒருத்தியாவது எனக்கு உள்ளதச் சொல்லு புள்ள.”