அரை எட்டு

தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் என் சிநேகிதி ஜேர்மனியை ரயிலில் குறுக்காகக் கடந்த கதையை நான் நான்கு முறை கேட்டிருக்கிறேன். முதல் முறை அவள் வீட்டு வரவேற்பறையில். இரண்டாம் முறை மோர்டனில், எங்கள் பங்கின் தமிழ்த் திருப்பலி முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது. மூன்றாம் முறை ஒரு செத்தவீட்டில். நான்காம் முறை குறொய்டன் போகும் ட்ராமில், பக்கத்து இருக்கைக்காரி தன் தரிப்பிடத்தில் இறங்காமல் இருந்து கேட்டாள். கொப்லென்ஸில் அவள் தவறவிட்ட ரயில், முதல் முறை பத்து நிமிடத்தால் தவறியது. நான்காம் முறை கதவு அவள் மூக்கில் இடித்து மூடியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்தது நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறவள். பங்கில் யாருடைய பிள்ளைக்கு எப்போது ஞானஸ்நானம், எந்தப் பெருநாளில் மழை பெய்தது, எந்தப் பெரியவர் எந்த வெள்ளிக்கிழமை கண்மூடினார் என்பதெல்லாம் என் கொப்பிகளில் இருக்கிறது. ஆட்களுக்குத் திகதி வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். திகதியை வாங்கிக்கொண்டு, கதை கேட்க அவளிடம் போவார்கள். அவள் எனக்கு வைத்த பட்டம் ‘கலண்டர்’.

ஆனால் எரிச்சலின் வேர் அது அல்ல. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சிநேகிதி இருக்கிறாள். ஜேர்மனியில், நூரன்பேர்க் நகரில், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பாடசாலையில் முதலாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே வாங்கு. தோர்ண்டன் ஹீத்காரி வந்து சேர்ந்தது எட்டாம் வகுப்பில், இரண்டாம் தவணை தொடங்கி மூன்றாம் நாள். இடமில்லையென்று கன்னியாஸ்திரி அவளை எங்கள் இருவருக்கும் நடுவில் இருத்தினார். அன்றிலிருந்து அவள் நடுவில்தான்.

அவளுடைய ஜேர்மனிக் கதையில் படங்களும் உண்டு. நூரன்பேர்க்கில் ஐந்து நாள் தங்கினாள். குசினியில் இருவரும் இடியப்பம் பிழியும் படம், கோட்டை மதிலில் தோளில் கைபோட்ட படம் எல்லாம் எங்கள் மூவருக்குமான போன் குழுவில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். ஒரு படத்தில் மட்டும் அவள் தனியாக நின்றாள்: ஜேர்மனியின் கிழக்கு விளிம்பில், பாசவ் என்ற ஊரில், மூன்று ஆறுகள் சேரும் முனையில். ஏன் தனியே என்று கேட்டேன்.

“அவளுக்கு ஷிப்ட். நான் தனியத்தான் போனனான்,” என்றாள்.

அந்தக் கதையில் எனக்கென்று விட்டுவைக்கப்பட்ட இடம் அது ஒன்றுதான். அன்று பின்னேரமே நூரன்பேர்க்குக்கு போன் எடுத்தேன்.

“நானும் ரயிலிலை வாறன். பாசவுக்கு என்னோடை வருவியோ?”

“ஓம், வாறன். காலைமை வெளிக்கிட்டால் ரெண்டரை ஷிப்டுக்குத் திரும்பி வரலாம்.”

இரண்டு மணித்தியாலப் பயணம், அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில், நடுவில் ஒருவரும் இல்லாமல். நான் போனது அதற்காகத்தான். கோயில்களும் கோட்டைகளும் வழியில் வந்தவை.

புறப்படுவதற்கு முதல் நாள் தோர்ண்டன் ஹீத்காரி போன் எடுத்தாள்.

“கலண்டர், ரைன் ஆத்தங்கரையாலை போகேக்கை இடப்பக்கம் இரு. வலப்பக்கம் இருந்தியெண்டால் மதில்தான் பாப்பாய்.”

போனை வைத்துவிட்டு, வலப்பக்க ஜன்னல் இருக்கையை முற்பதிவு செய்தேன்.

சனிக்கிழமை லண்டனிலிருந்து பிரசெல்ஸ், அங்கிருந்து ஆகன் வழியாகக் கொலோன். கொலோன் பேராலயம் ஸ்டேசன் வாசலிலேயே நிற்கிறது. வெளியே வந்ததும் கழுத்து தானாக நிமிர்கிறது. தோர்ண்டன் ஹீத்காரி அதன் கோபுரத்தின் உச்சிவரை ஏறியிருக்கிறாள். நானும் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினேன். மணிகள் தொங்கும் தளத்தில், தங்களைப் படம் எடுத்துத் தரும்படி ஒரு தம்பதி போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது எண்ணிக்கை மறந்துவிட்டது. முழங்காலும் அதோடு சரி என்றது. அங்கிருந்தே இறங்கிவிட்டேன். கொப்பியில் ‘கோபுரம் ஏறினேன்’ என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை.

ஞாயிறு காலை ஹோட்டலை விட்டு வெளிக்கிட்ட அவசரத்தில், லண்டன் பிளக்கை ஐரோப்பியச் சுவரில் செருகும் அடாப்டரைக் கட்டிலுக்குப் பின்னால் மறந்துவிட்டேன். அது தெரியவந்தது பிறகு. ரயில் மேடையில் என் கையில் இருந்த கடதாசியின்படி, நான் ஏறவேண்டிய பெட்டி ‘டீ’ என்ற எழுத்துக்குக் கீழே வரவேண்டும். அங்கே போய் நின்றேன். ஒலிபெருக்கி டொச்சில், அவர்களுடைய ஜேர்மன் மொழியில், ஏதோ சொன்னது. உடனே மேடையிலிருந்த சனமெல்லாம் பயணப்பைகளை இழுத்துக்கொண்டு ஒரே திசையில் ஓடத் தொடங்கியது. நான் ஓடவில்லை, கடதாசியில் ‘டீ’ என்றுதான் இருந்தது. ரயில் வந்தபோதுதான் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருவது தெரிந்தது. பிறகு நானும் ஓடினேன், தனியே, எல்லோரும் ஏறி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்க. நூலகத்தில் எடுத்த டொச் பாடப் புத்தகத்தை மூன்று மாதம் படித்திருந்தேன். ஒன்பதாம் பாடத்தோடு நின்றுவிட்டது. ஒலிபெருக்கி எந்தப் பாடத்தில் வருகிறதோ தெரியாது.

வலப்பக்கத்தில் மதில்தான். கல் மதில், செடி முளைத்த மதில், ஈர மதில், இடைக்கிடை யாருடையதோ குசினி ஜன்னல். இடப்பக்கத்தில் சனங்கள் எழுந்து நின்று ஆற்றையும் மலைக் கோட்டைகளையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர்பெற்ற ஒரு பாறை வருகிறது என்று நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் எனக்காகத் தன் பத்திரிகையைத் தாழ்த்திப் பிடித்தார். அதன் மேல்விளிம்பால் ஒரு கரிய மலையின் தலையைப் பார்த்தேன். நன்றி சொன்னேன். அவள் சொன்னபடி இடப்பக்கம் இருந்திருந்தால், பார்த்த ஒவ்வொரு கோட்டையும் அவள் காட்டியதாக ஆகியிருக்கும் என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

மைன்ஸ் தாண்டியபின் நூரன்பேர்க்கிலிருந்து குரல் செய்தி வந்தது.

“எடி, நாளைக்கு டிக்கெட் ரெண்டும் எடுத்திட்டன். அந்த ஒரு ரயிலுக்கு மட்டுந்தான் செல்லும். நீ அரை எட்டுக்கு வந்தால் காணும். பெரிய மண்டபத்திலை, பாண் கடைக்கு முன்னாலை நிப்பன்.”

அரை எட்டு. லண்டனில் என் மகன், வேலைத்தளத்தில் என் பக்கத்து மேசைக்காரி, எங்கள் தெரு பஸ் சாரதி எல்லோரும் எட்டரையை ‘ஹாஃப் எய்ட்’ என்று இப்படித்தான் சொல்கிறார்கள். இவளும் லண்டன்காரி மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிட்டாளே என்று சிரித்துக்கொண்டு கொப்பியில் எழுதினேன்: ‘திங்கள், 8.30, பாண் கடை.’ கீழே இரண்டு கோடு இழுத்தேன். லண்டனுக்கும் ஜேர்மனிக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம் என்பதால் கைக்கடிகாரத்தையும் இரண்டாம் முறை சரிபார்த்தேன்.

அன்றிரவுத் தங்கல் வூர்ஸ்பூர்க்கில். அங்கே பழைய கல் பாலமொன்றில் சனங்கள் வைன் கிளாஸோடு நின்று, சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயர்கள் வாழ்ந்த மாளிகையில் ஒரு மாடிப்படி; மேலே கூரை முழுவதும் ஓவியம், படி ஏற ஏற அது விரிந்துகொண்டே போனது. நான் மூன்று முறை இறங்கி ஏறினேன். இந்த ஊரில் தோர்ண்டன் ஹீத்காரி இறங்கவில்லை. கொப்பியில் மூன்று பக்கம் எழுதினேன்.

அங்கேதான் போன் அணைந்தது, அடாப்டர் இல்லாததும் தெரிந்தது. வாங்கலாமென்று கடைத்தெருவுக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனியில் கடை இல்லை. ஸ்டேசனில் பன்னும் பூவும் விற்றார்கள். ஹோட்டல் பெண் ஒரு பெட்டி நிறைய வயர்களைக் கொட்டிப் பார்த்தாள். ஒன்றும் என் பழைய போனுக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பதற்றமில்லை. தேவையானதெல்லாம் கொப்பியில் இருந்தது.

திங்கள் காலை ஏழு மணி ரயில். நூரன்பேர்க்கில் இறங்கியபோது எட்டு ஐந்து. இருபத்தைந்து நிமிடம் கையில் இருந்தது. முகம் கழுவி, தலை இழுத்து, ஒரு பூங்கொத்து வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தேன். எட்டு இருபத்தைந்து. பாணும் பன்னும் அடுக்கிய கடைக்கு எதிரே வாங்கில் அவள் இருந்தாள், மடியில் ஒரு பை, பையின் மேல் இரண்டு கைகளும்.

“எங்கையடி போனனீ?” என்றாள்.

“எங்கையும் போகேல்லை. எட்டரைக்குத்தானே? அஞ்சு நிமிசம் முந்தி வந்திருக்கிறன்.”

“ஆர் எட்டரை எண்டது? அரை எட்டு எண்டெல்லோ சொன்னனான்.”

“அரை எட்டு எண்டால் எட்டரை.”

“அரை எட்டு எண்டால் ஏழரை. எட்டுக்குப் போற வழியிலை பாதி. டொச்சிலை அப்பிடித்தான்.”

“நீ தமிழிலை எல்லோ சொன்னனீ? தமிழிலை ஏழரைக்கு ஏழரை எண்டு ஒரு சொல் கிடக்கு.”

“பயணம் வெளிக்கிடேக்கை வாயாலை ஏழரை எண்டு சொல்லுறதே? சனி தோளிலை ஏறி இருந்திடும்.”

நானும் தோர்ண்டன் ஹீத்காரியும் வேதக்காரர், இவள் சைவம். ஏழரைச் சனிக்குப் பயந்து, முப்பது வருடம் டொச் பேசிய வாயால் நேரத்தைச் சொல்லியிருக்கிறாள். நான் லண்டன் காதால் கேட்டிருக்கிறேன். எங்கள் ரயில் ஏழு ஐம்பதுக்குப் போய்விட்டது.

“ரயிலை விட்டிட்டு நிண்டனியே?”

“வேறை என்ன செய்ய? உன்ரை போனும் வேலை செய்யேல்லை. எனக்குத் தெரியும் வருவாயெண்டு. அவளும் அண்டைக்கு இப்பிடித்தான் வந்து நிண்டவள்.”

“எவள்?”

“எவளோ? தோர்ண்டன் ஹீத்காரிதான். அவளும் நானும் பாசவுக்குப் போக இருந்தனாங்கள். சாமான் வாங்க வேளைக்கு வெளிக்கிட்டு வந்து, இஞ்சைதான் அவளைச் சந்திக்க இருந்தனான். அவளுக்கும் அரை எட்டு எண்டுதான் சொன்னனான்.”

நான் பூங்கொத்தை வாங்கில் வைத்தேன்.

“அவளுக்கும் டிக்கெட் எடுத்தனியோ?”

“எடுக்காமல்?”

“உனக்கு ஷிப்ட் எண்டெல்லோ அவள் சொன்னவள்.”

“ஷிப்ட் ரெண்டரைக்கு. அடுத்த ரயிலிலை போனால் எனக்குத் திரும்பி வர ஏலாது. அதாலை தனியப் போனவள். உனக்குச் சொல்லவேண்டாமெண்டு கேட்டவள். நீயும் கேட்டமாதிரிக் காட்டிக்கொள்ளாதை.”

தவறிய ரயில்களையெல்லாம் ட்ராம் நிறைய ஆட்களுக்குச் சொன்னவள் இந்த ஒரு ரயிலை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கியது: அவளுக்கும் அந்தப் பக்கத்து இருக்கைதான் தேவைப்பட்டிருக்கிறது. அது விளங்கியதும் பிடிக்கவில்லை.

“அவளுக்காக எவ்வளவு நேரம் காவல் இருந்தனீ?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி? முக்கால் மணித்தியாலம் இருக்கும்.”

“எனக்கு ஐம்பத்தைஞ்சு நிமிசம்.”

“எடி விசரி, அவள் எட்டேகாலுக்கே வந்திட்டாள். நீதான் பிந்தினது.”

“ஒருக்கால் பிழைச்சால் அடுத்தமுறை வேறை மாதிரிச் சொல்லக்கூடாதே?”

“நீ கலண்டரெல்லோ. உனக்குப் பிழைக்காது எண்டு நினைச்சன்.”

பையைத் திறந்தாள். ரயிலில் சாப்பிடவென்று சுட்ட ரோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி. அடுத்த பாசவ் ரயில் ஒன்பது ஐம்பதுக்கு; அதற்கு எனக்கு மட்டும் புது டிக்கெட் எடுத்தேன். அதுவரை அந்த வாங்கில் இருந்து சாப்பிட்டோம். தன் மருமகளைப் பற்றிச் சொன்னாள். என் முழங்காலைப் பற்றிக் கேட்டாள். நான் நாலு ரோல்ஸ் சாப்பிட்டேன். அவள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள், நடுவில் பூங்கொத்து மட்டும். ஏறும்போது தன் சார்ஜரைப் பையிலிருந்து எடுத்துத் தந்தாள், நல்லகாலம் வயர் பொருந்தியது. “இரவைக்கு வீட்டை வா, ஷிப்ட் முடிய இடியப்பம் அவிப்பம்,” என்றாள். எனக்கு அவர்கள் இருவரும் இடியப்பம் பிழிந்த படம் ஞாபகம் வந்தது. ஓம் என்றேன்.

அந்த இரண்டு மணித்தியாலமும் பக்கத்து இருக்கை வெறுமையாக வந்தது. பாசவில் முனைவரை நடந்தேன். டானூப் மங்கலாக, இன் ஆறு பச்சைச் சாம்பலாக, சின்ன ஆறான இல்ஸ் கறுப்பாக. சேர்ந்தபின்னும் கொஞ்சத் தூரம் தனித்தனி நிறமாகவே ஓடுகின்றன. தோர்ண்டன் ஹீத்காரி நின்ற அதே கைப்பிடிக் கம்பி. கொஞ்சம் தள்ளி நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

உடனே அவளிடமிருந்து வந்தது. “கலண்டர், தனியவோ? அவள் எங்கை?”

உண்மையை எழுதத் தொடங்கி அழித்தேன். இன்னொரு முறை எழுதி அழித்தேன். பிறகு எழுதினேன்: “அவளுக்கு ஷிப்ட்.”

நூரன்பேர்க்காரி பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் வந்தது. நான் கம்பியில் சாய்ந்து கறுப்பு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது, தோர்ண்டன் ஹீத்திலிருந்து.

“ஓமோம். அரை எட்டு ஷிப்டாக்கும்.”

கொப்பியை எடுத்து, வந்த நேரத்தைப் பக்கத்தில் குறித்து, அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டேன்.