மகளுக்கு வாங்கிய டார்ச் லைட்

மலாக்கா ஆஸ்பத்திரியில் மகள் சுசீலா மருத்துவச்சிப் பயிற்சியில் தேறிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் மீனம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைக்கும் விதவை அவள். அவளுடைய தலைப்பிள்ளை தோட்டத்து லயத்து வீட்டின் இருட்டில் கொடி சுற்றிப் பிறந்து செத்தது. அந்த வேதனையில்தான் இவளைப் படிக்க அனுப்பினாள்.

மகள் மறுநாள் வீட்டுக்கு வருகிறாள். வெறுங்கையோடு வரவேற்பதா? மீனம்மா பஸ் ஏறி டவுனுக்குப் போனாள்.

"பட்டுச் சேல வந்திருக்குக்கா, மகளுக்கு எடுத்துக் குடு" என்றார் கடைக்காரர் சிவசாமி.

"பட்டக் கட்டிக்கிட்டா, தம்பி, எம்புள்ள பிரசவம் பாக்கப் போவுது? உருப்படியா ஒண்ணு காட்டு லா."

நீள டார்ச் லைட், பேட்டரிகள், கட்டுத்துணி, ஒரு புட்டி டிஞ்சர் என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். சிவசாமி குரலைத் தாழ்த்தினார். "இதுங்கள தோட்டத்துக்குள்ள கொண்டு போவாதக்கா. காட்டுல இருக்கறவனுங்களுக்குன்னு சொல்லிடுவானுங்க."

"எம்மவளுக்குத்தானே வாங்கறேன்? எனக்கென்ன பயம்!"

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. போன வாரம்தான் அவர்கள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். தோட்டத்து வாசலில் போலீஸ்காரர்கள் பையைக் கொட்டியதும் மீனம்மா பக்கத்து வீட்டுக் காளிமுத்துவைத் தேடினாள். அவன்தான் அங்கே காவலாளி.

"காளி, நம்ம சுசீலாவுக்குன்னு சொல்லுப்பா!"

காளிமுத்து தரையைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

மீனம்மாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் வந்த சுசீலா பூட்டிய வீட்டைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தாள். மருத்துவச்சியின் வெள்ளை உடுப்போடு நின்று கெஞ்சினாள். சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்குப் போகவே இல்லை. மழைக்காலம் முடிந்த பிறகுதான் தாயை விட்டார்கள். சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து நெஞ்சில் சளி கட்டியிருந்தது. தோட்டத்து வீட்டை அதற்குள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

இருவரும் மலாக்காவை ஒட்டிய பாச்சாங்கில் ஓர் அறை பிடித்துக் குடியேறினார்கள். ஒருநாள் காளிமுத்து வந்து வாசலிலேயே நின்றான்.

"எனக்கும் புள்ளைங்க இருக்குக்கா. என்னையும் புடிச்சிருப்பானுங்க."

"தெரியும்பா" என்றாள் மீனம்மா. உட்காரச் சொல்லவில்லை. அவன் அப்படியே திரும்பிப் போனான்.

இருமல் மீனம்மாவை விடவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த மறுநாளே சுசீலாவைப் பிரசவத்துக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.