வைக்கோலுக்குள் ஒளித்த றேஸ் கார்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படிக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் கீரிமலைக்கும் இடையில் ஓடிய எந்த எஞ்சினுக்கும் என்ன வருத்தம், என்ன கோளாறு என்று, அது என் வாசல் படலையைத் தாண்ட முன்னமே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன் என்று மனைவி சொல்லுவாள். சரி, அப்படியே இருக்கட்டும். பதினாலு வயதில் லொறிக்குக் கீழே படுக்கத் தொடங்கியவன் முப்பத்தைந்தில் சொந்தமாகக் கராச் போட்டு, பக்கத்தில் கல்வீடும் கட்டினால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தத்தான் செய்வான்.

அந்த நெஞ்சு ஒருநாள் காற்றுப்போன ரியூப் மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு ஒரு டாக்குத்தர் மலைநாட்டில் இருந்து ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே வீடு எரிந்துவிட்டது. லொறியில் மிச்சமாய் வந்தது மூன்று பெட்டியும் ஒரு காரும். கார் என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. நீளம் ஒரு கட்டிலைவிடக் கொஞ்சம் கூட. கதவில்லை, கூரையில்லை, விளக்கில்லை, மட்காட் இல்லை. ஒரு ஆள் மட்டும் இறுக்கிக்கொண்டு இருக்கலாம். பின்பக்கம் முட்டை மாதிரி அலுமினிய எரிபொருள் தாங்கி.

"உது என்ன ஐயா, குழந்தைப்பிள்ளையள் ஓடுற சாமானோ?" என்று கேட்டேன்.

"உதிலை ஓடினவையிலை ரண்டு பேர் செத்துப்போச்சினம்," என்றார் டாக்குத்தர். "மூண்டாவது நான். நான் சாகேல்லை."

வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவர் கப்பலில் இறக்கிய குட்டி றேஸ் கார் அது. மலைநாட்டில் ஒரு பெரிய திடலில் மண்பாதை வெட்டி வட்டமாக ஓடுவார்களாம். துரை போன பிறகு டாக்குத்தர் வாங்கி, இளந்தாரி வயதில் தானும் ஓடியிருக்கிறார். அதற்குக் கிளச் கிடையாது, ஸ்ராட்டர் கிடையாது. நாலு பேர் தள்ளித்தான் எழுப்பவேண்டும். பெற்றோல் ஒத்துவராது, ஸ்பிரிட்தான் குடிக்கும். முப்பது வருசமாக அது ஓடவில்லை.

"ஓட வைப்பீரோ?" என்றார்.

"நான் வைக்காமல் வேறை ஆர் வைக்கிறது?" என்றேன். எனக்கு அப்படித்தான் வாய் வரும்.

நாலு வருசம் அதோடு மாரடித்தேன். நசுங்கிய அலுமினியத்தை மணல் சாக்கில் வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தேன். நீர் இறைக்கும் மெசினின் பிஸ்ரன் வளையத்தை அரத்தால் ராவி உள்ளே போட்டேன். எஞ்சினுக்கு நெருப்புப்பொறி கொடுக்கிற மக்னீற்றோவை அவிழ்த்து, தலைமயிர் மாதிரிக் கம்பியைக் கையால் சுற்றினேன். பின்னேரங்களில் டாக்குத்தர் வந்து பழைய ரயர் ஒன்றின்மேல் இருந்து கதை சொல்லுவார். வளைவில் கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், முன்சில்லு ஒரு பக்கம் பார்க்கும், கார் இன்னொரு பக்கம் போகும் என்பார். சொல்லும்போது அவரின் இடது கை, அங்கே இல்லாத ஸ்ரியறிங்கைப் பிடிக்கும். வலது கை தொடைக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். வயது போனால் கை ஆடும்தானே என்று நினைத்தேன்.

எண்பத்தாறில் அவர் காலமானார். அதற்கு முதல் ஒரு கான் ஸ்பிரிட் கொண்டுவந்து வைத்து, "ஓட்டிப் போட்டு வந்து சொல்லும்," என்றார்.

அடுத்த வருசம் வேலை முடிந்தது. ஆனால் நான் ஓட்டவில்லை. ஒருநாளும் தள்ளிப் பார்க்கவும் இல்லை. காரணத்தை இப்போதுதான் எழுதுகிறேன்: எழும்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயம். தள்ளாதவரைக்கும் நான் றேஸ் கார் திருத்திய மனிசன். தள்ளி எழும்பாவிட்டால் நாலு வருசம் தகரம் தட்டிய விசரன். அதனால் ஊரில் ஒரு கதை விட்டேன். விடியக்காலமை கீரிமலை வீதியில் ஒருக்கால் ஓட்டினேன், பறந்தது என்று.

என் மனைவியின் தம்பிதான் அதை நம்பவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி அவன் வீடு. பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு பிள்ளைகள், சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓடத் தெரியாது.

"அத்தான், கீரிமலையிலை உங்களை ஆர் கண்டது?" என்பான்.

"பறந்தால் காணேலாது, மச்சான்."

"ஓம் ஓம். தள்ளினது ஆர்? கடலோ?"

எண்பத்தேழு கடைசியில் ஊருக்குள் சண்டை வந்தது. நல்ல எஞ்சின் என்று யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குக் குலைப்பன் காய்ச்சல் மாதிரிப் பயம் பிடித்தது. அப்போதுதான் அந்த மடைத்தனத்தைச் செய்தேன். காரைக் கழற்றினேன். அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் விறகுக்குக் கீழே மூடினேன். தாங்கியை மாட்டுக் கொட்டில் வைக்கோலுக்குள் புதைத்தேன். மக்னீற்றோவை அரிசிப் பானைக்குள் இறக்கினேன். முன்னச்சும் சில்லும் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் வாழைச்சருகின் கீழே. புகை போகிற நாலு நீளக் குழாயையும் சாக்கில் சுற்றி, மச்சான் வீட்டு முகட்டில் வைத்தேன். "பழைய குழாய், பிறகு எடுக்கிறன்," என்று மட்டும் சொன்னேன். அவன் கேட்கவும் இல்லை.

முழுதாக நின்றால் அது கார். கழற்றினால் அது என்ன மாதிரித் தெரியும் என்று, எந்த எஞ்சினின் வருத்தத்தையும் சத்தத்தில் சொல்லுகிற எனக்கு உதிக்கவில்லை.

எண்பத்தெட்டில் ஒரு காலை, ஊரைச் சுற்றி வளைத்து இந்திய ஆமி தேடியது. எங்கள் வளவுக்குள் வைக்கோலைக் கிண்டியபோது துவக்கின் முனை 'டங்' என்று தட்டியது. தாங்கியை வெளியே இழுத்தார்கள். இழுத்தவுடன் எல்லாரும் பின்னால் போய்விட்டார்கள். வெயிலில் அது மினுங்கியது. நான்தான் அப்படி மினுக்கியிருந்தேன். குண்டு மாதிரியே இருந்தது. உண்மையைச் சொன்னால், நானே பயந்திருப்பேன்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். படலைக்குள்ளால் மச்சானைக் கொண்டுவந்தார்கள். கை பின்னால் கட்டியிருந்தது. பின்னால் ஒருவன் சாக்கோடு வந்தான். நாலு குழாயையும் தாங்கிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார்கள். குண்டும் அதை ஏவுகிற குழாயும் என்று ஒரு குழந்தைப்பிள்ளையும் சொல்லும்.

மனைவி என்னைப் பார்த்தாள். "என்ரை தம்பி வீட்டிலை உந்தக் குழாயை ஏன் வைச்சனீங்கள்?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

அவர்களில் ஒருவன் தமிழ் கதைப்பான். படத்தில் கதைக்கிற தமிழ். இருபத்தைந்து வயது இருக்கும்.

"ஐயா, இது என்னன்னு உண்மையச் சொல்லிடுங்க. ஆபீசர் கோவத்துல இருக்காரு."

"தம்பி, உது கார். றேஸ் ஓடுற கார்."

அவன் தாங்கியைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். "இதுல காரு எங்க இருக்கு?"

"கழட்டி வைச்சிருக்கிறன்."

"நல்ல காரை எதுக்குக் கழட்டி வைக்கோல்ல வைப்பீங்க?"

பயத்தில் என்றேன். அவன் அதை ஆபீசருக்குச் சொன்னான். ஆபீசர் ஏதோ சொன்னார்.

"பூட்டிக் காட்டச் சொல்றாரு. நாலு மணிக்கு நாங்க போயிருவோம். காரா இருந்தா உங்க மச்சான் வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா எங்ககூட வருவாரு."

அப்படிப் போன சிலரின் வீட்டுக்காரர் இன்னும் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்த காலம் அது.

"ஓடுமா?" என்று கேட்டான் அவன்.

"ஓடும்," என்றேன். வாய் தன்பாட்டில் சொன்னது. மச்சான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பகிடி விடவாவது மாட்டானோ என்றிருந்தது.

பத்து மணிக்குத் தொடங்கினேன். சாமான்களைப் பொறுக்கி வந்து மாமரத்துக்குக் கீழே போட்டேன். மனைவி அரிசிப் பானைக்குள் முழங்கைவரை விட்டு மக்னீற்றோவை எடுத்தபோது நாலு துவக்கு அவள் பக்கம் திரும்பியது. அச்சைப் பூட்டினேன், சில்லைப் பூட்டினேன். வழமையாக என் கை கண்ணுக்கு முதல் போகும். அன்றைக்கு ஸ்பனர் நட்டில் இருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு சின்ன நட்டு மண்ணில் விழுந்து காணாமல் போனது. நான் முழங்காலில் நின்று மண்ணைத் தடவினேன், கண் மங்கிப்போயிற்று. மனைவி குசினிக்குள் போய் மா அரிக்கிற அரிதட்டைக் கொண்டுவந்தாள். குந்தி இருந்து மண்ணை அள்ளி அரித்தாள். மூன்றாவது அரிப்பில் நட்டு மேலே நின்றது.

மச்சான் மரத்தடியில் இருந்தான். தண்ணீர் கொடுக்க விட்டார்கள். தமிழ் கதைக்கிறவன்தான் செம்பைப் பிடித்துப் பருக்கினான்.

மூன்று மணிக்கு அது காராக நின்றது. ஆமிக்காரர் சிலர் கிட்ட வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஆபீசர் கையைக் காட்டி ஏதோ சொன்னார்.

"ஓடும்னு சொன்னீங்கல்ல. ஓட்டிக் காட்டுங்க," என்றான் அவன். பிறகு மச்சானைக் காட்டிக் குரலைக் குறைத்து, "நீங்க இல்ல. அவரு உக்காரணுமாம். வெடிக்கிற சாமானா இருந்தா அவருதான உள்ள இருப்பாரு."

கார் வெடிக்காது என்று தெரியும். எழும்பாது என்பதுதான் பயம். எழும்பினால் அதைவிடப் பயம். கனகாலம் ஓடாமல் கிடந்த எஞ்சின் முதல் தரம் பிடிக்கும்போது துவக்கு வெடி மாதிரி ஒரு சத்தம் போடும். சுற்றிவர இருபது துவக்கு.

"தம்பி," என்றேன், "ஒரு வெடிச் சத்தம் வரும். எஞ்சின் சத்தம்தான். சுட வேண்டாமெண்டு எல்லாருக்கும் சொல்லிவிடும்."

அவன் சொன்னான். இரண்டு தரம் சொன்னான். சிலர் தலையாட்டினார்கள். சிலர் துவக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

மச்சானின் கட்டை அவிழ்த்து ஏற்றினார்கள். அவன் கையில் கயிற்றுத் தடம் சிவந்து கிடந்தது. நான் குனிந்து ஸ்ரியறிங்கையும் கைப் பிறேக்கையும் பொறிச் சுவிச்சையும் காட்டினேன்.

"அத்தான், இது கீரிமலையிலை ஓடினதெல்லோ?" என்றான் மெதுவாக. பகிடியாகக் கேட்கவில்லை.

"ஓம்," என்றேன்.

வளவுக்கு வெளியே வெங்காயத் தோட்டத்தை ஒட்டி ஒரு நேர் ஒழுங்கை. நானும் மூன்று ஆமிக்காரரும் தள்ளினோம். இருபது யார் தூரம் போனது. ஒன்றும் இல்லை. திருப்பிக் கொண்டுவந்து தள்ளினோம். ஒருதரம் 'புஸ்' என்று மூச்சு விட்டுச் செத்தது. ஆபீசர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நான் தாங்கியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். தாங்கியில் டாக்குத்தர் தந்த ஸ்பிரிட் இருக்கிறது, மக்னீற்றோவில் பொறி இருக்கிறது, பூட்ட முதல் கையால் சுழற்றிப் பார்த்தேன். பிறகு ஏன்? அப்போதுதான் டாக்குத்தர் ரயரில் இருந்த மாதிரி கண்ணுக்குள் வந்தது. இடது கை ஸ்ரியறிங். வலது கை தொடைக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.

இருக்கைக்கு வலது பக்கத்தில் ஒரு கைப் பம்ப் இருந்தது. தாங்கிக்குள் காற்று அடித்து ஸ்பிரிட்டை முன்னுக்குத் தள்ளுகிற பம்ப். தொடங்க முதல் நாலு அடி அடித்தால் போதும் என்று நினைத்து நானே அடித்துவிட்டிருந்தேன். அந்த மனிசனுக்குக் கை ஆடவில்லை. ஓடும் நேரம் முழுக்க அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"மச்சான், வலது கையாலை உந்தப் பம்பை அடி. நான் சொல்லுமட்டும் நிப்பாட்டாதை. கார் ஓடினாலும் அடி."

மூன்றாம் தரம் தள்ளினோம். அவன் தோள் அசைவது பின்னால் தெரிந்தது. பத்து யார் தூரத்தில் அந்த வெடி கேட்டது. என்னோடு தள்ளியவர்கள் நிலத்தில் விழுந்தார்கள். பக்கத்தில் துவக்குகள் நிமிரும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தமிழ் கதைக்கிறவன் அவர்களின் பாசையில் கத்திக்கொண்டு கையை விரித்தபடி நடுவில் ஓடினான்.

கண்ணைத் திறந்தபோது கார் ஒழுங்கை முடிவில் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. பல்லில் கூசியது. மச்சானுக்குத் திருப்பவும் தெரியவில்லை, நிற்பாட்டவும் தெரியவில்லை. வெங்காயப் பாத்திக்குள் இறங்கி, நாலு வரம்பை உடைத்து, ஐந்தாவதில் குத்தி நின்றது.

அவன் இறங்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். எஞ்சின் நின்ற பிறகும் வலது கை பம்பை அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் பிடித்து நிற்பாட்டினேன்.

ஆபீசர் தோட்டத்துக்குள் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னதை அவன் எனக்குத் தமிழில் சொன்னான். "வீட்டுக்குப் போகச் சொல்றாரு. இனிமே இதைக் கழட்டாதீங்களாம். எல்லாரும் பாக்கற மாதிரி நிறுத்துங்க."

நான் கழற்றவில்லை. மாமரத்துக்குக் கீழே, ஒழுங்கையில் போகிறவருக்குத் தெரிகிற மாதிரி, மூடாமல் ஏழு வருசம் நின்றது. அதைத் திரும்ப ஒருநாளும் எழுப்பவில்லை. அந்த வருசங்களில் என் வாயும் கொஞ்சம் குறைந்தது. மனைவியைக் கேட்டால் இல்லை என்பாள்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமச் சனமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அதை அப்படியே விட்டுவிட்டுப் படலையைச் சாத்தினேன். மச்சான் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். சனத்தின் நெரிசலில் ஒரு அடி வைக்கவே நேரம் எடுத்தது. கனதூரம் போன பிறகு கேட்டான்.

"அத்தான், அண்டைக்கு அது எழும்புமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை உருட்டினான். இப்போது தூர தேசத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். இதை வாசிப்பான். வாசிக்கட்டும். மச்சான், எனக்குத் தெரியாது. கீரிமலைக் கதையும் பொய். நீ அந்த இருக்கையில் ஏறினபோது எனக்கு ஒன்றுமே தெரியாது.