முதல் அடியைக் காலியாக விட்டவன்

கிள்ளானில் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட முதல் ஆட்களில் நானும் ஒருவன் என்று சொன்னால் அடக்கமாக இருக்கும். முதல் ஆளே நான்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளைப் பலகை அறுத்து நானே செய்தேன். லோரி வாங்கினேன், பிறகு இன்னொரு லோரி. பாட்டுப் பாடத் தெரியாமலே ஓர் இசைக்குழு கட்டினேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாமல் ஒரு ஜப்பான் டிரம் மெஷினை வழிக்குக் கொண்டுவந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைக்கும்தான். ஆனால் அந்த மெஷின் விஷயத்தில் இப்போது எனக்கு ஒரு மனக்குறை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன வாரம் மகளோடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்குப் போனேன். சேலைக்கடையில் ஆம்பளைகளுக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள், மழைக்கு ஒதுங்கியவனைப்போல. புதுத்துணியின் கஞ்சி வாசனையில் கண் சொருகிக்கொண்டிருந்தது. மேலே ஸ்பீக்கரில் ஓர் ஆட்டப்பாட்டு. ‘தொம்’மென்று வயிற்றில் வந்து இடிக்கிற அந்தப் பழைய மெஷின் சத்தம். கேட்டுக்கொண்டே இருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே விழவில்லை. காலி. அந்தக் காலி என்னுடையது.

“ஏம்மா, இது யாரு பாட்டு?” என்று கடைப்பெண்ணைக் கேட்டேன்.

“தெரியாதா அங்கிள்? எல்லாக் கல்யாணத்துலயும் இப்ப இதான் லா!”

மகள் கைப்பேசியில் பாட்டைத் தேடி, கீழே இருந்த பெயர்களை வாசித்தாள். பாடியவர், எழுதியவர், இசை தீபன். தாளம் என்ற இடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனிப் பெயரும் நம்பரும்.

“மெஷினுக்குப் பேர் போட்டிருக்கானா?”

“ஆமாப்பா. பழைய டிரம் மெஷினுக்கெல்லாம் இப்ப ரொம்ப மவுசு.”

அந்த மவுசு வருவதற்கு முன்னால் அந்த மெஷின் எப்படி என்னிடம் வந்தது தெரியுமா? எங்கள் குழுவில் டிரம் அடித்தவன் ராயப்பன். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. நல்ல முகூர்த்தத்தில் எல்லாம் அவனுக்கு ஷிப்ட் வந்துவிடும். கோலாலம்பூரில் ஒரு கடையில் முதலாளி, சீனத் தவுக்கே, இந்தப் பெட்டியைத் தட்டிக்காட்டி, “இது எம்சி லீவு எடுக்காது” என்று சிரித்தான். இவ்வளவு சிரித்துக்கொண்டே விற்கிறானே, என்ன கோளாறோ என்று வீடு வந்து சேரும்வரை சந்தேகப்பட்டேன். வரிசையாகப் பொத்தான்கள். எந்த இடத்துப் பொத்தானை அமுக்கி வைக்கிறோமோ அந்த இடத்தில் அடிக்கும், அவ்வளவுதான். சூடேறினால் ஒரு வாசனை வரும், கற்பூரம் அணைந்த தட்டு மாதிரி.

கற்பூரம் என்றதும் பஜனை ஞாபகம் வருகிறது. எனக்குத் தாளம் வந்ததே அங்கேதான். எங்கள் கோயிலில் ஜால்ரா போடுகிறவன் முதல் தட்டில் சத்தம் எழுப்ப மாட்டான். கையை விரித்து மூச்சை இழுப்பான், அடுத்ததில்தான் சேர்ப்பான். மெஷினிலும் அப்படியே செய்தேன். முதல் பொத்தானைத் தொடவில்லை, அது மூச்சுக்கு. கூட வந்த புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தவன் எவனாக இருந்தாலும் முதல் பொத்தானில்தான் ஆரம்பித்திருப்பான்.

ராயப்பன் கேட்டுவிட்டு, “அண்ணே, மெஷின் ரோசாக்கா, கெட்டுப்போச்சா? திக்குது” என்றான். அவனுக்கு மெஷின்மேல் கடுப்பு, அதனால் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கல்யாண விருந்தில் முதன்முதலாக ஓடவிட்டேன். ஆட வந்தவர்கள் கால் தடுமாறி நின்றார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. அப்போது மாப்பிள்ளையின் அத்தை, தோளில் கைப்பையோடு நடுவில் வந்து, அந்தக் காலி இடத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அடுத்த சுற்றில் நான்கு பேர். அதற்கடுத்து மண்டபமே மிதித்தது. சரிசெய்யலாம் என்று பொத்தான்மேல் கை வைக்கப் போனேன்.

“டேய், கைய வச்சே, ஒடச்சுருவேன்! அப்படியே விடுடா!” என்றார் அத்தை.

பிரியாணித் தட்டோடு நின்ற ராயப்பனும் தாளத்துக்கு ஆடினான். “பாதிய மெஷின் அடிக்குது, மீதிய சனங்க அடிக்குதுண்ணே. எனக்கு இங்க என்னா வேலை?” என்றான். அதன் பிறகு கிள்ளானில் கல்யாண நாள் குறிக்கும்போதே என்னையும் கேட்டுத்தான் குறித்தார்கள்.

பாட்டுக்கு இசை போட்ட அந்தத் தீபன் போன வருஷம் பங்சாரிலிருந்து என்னைத் தேடி வந்திருந்தான். மெஷினை விலைக்குக் கேட்டான். “இந்த சவுண்ட் கம்ப்யூட்டர்ல வராது அங்கிள்” என்றான். எனக்குச் சிரிப்பு. அது டிரம் மாதிரி ஒலிக்கவில்லை என்றுதான் அந்தக் காலத்தில் எல்லாரும் திட்டினார்கள். யோசித்தால், அதுதான் அதன் ஆயுள். டிரம் மாதிரி ஒலிக்க முயன்ற மெஷினெல்லாம் அடுத்த நல்ல மெஷின் வந்ததும் குப்பைக்குப் போனது. இது தன்னைப்போல மட்டும் ஒலித்தது. இதற்கு மாற்று எங்கே? அதோடு, கம்ப்யூட்டரில் ஆயிரம் சத்தம், பையன்கள் பொறுக்கியே களைத்துப்போகிறார்கள். இதில் ஒரே ஒரு தொம்; ஆடத்தான் வேண்டும்.

நான் விற்கவில்லை. ஆனால் பதிவு பண்ண விட்டேன். பேட்டரி செத்து மெஷின் எல்லாவற்றையும் மறந்திருந்தது. அதனால் அவன் கண் முன்னாலேயே ஒவ்வொரு பொத்தானாக நான்தான் அமுக்கி வைத்தேன்.

போன வாரம் சேலைக்கடை வாசலிலிருந்தே தீபனுக்குப் போன் போட்டேன்.

“பாட்டு கேட்டீங்களா அங்கிள்? அந்த ஃபேக்டரி பீட் செம!”

“ஃபேக்டரி பீட்டா?”

“மெஷின்லயே வந்ததுதானே அங்கிள்?”

“மெஷின் எந்தக் கோயில்லடா பஜனை பாடுச்சு?”

“ரிலேக்ஸ் லா அங்கிள்” என்று வைத்துவிட்டான்.

அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். காசு கேட்பேன் என்று பயமோ, கிழவனுக்குச் சாட்சி ஏது என்ற தைரியமோ. சாட்சி இல்லைதான். ராயப்பன் போய்ச் சேர்ந்தான். அத்தையும் போனார். மண்டபத்தை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள். கல்யாணத்தில் இப்போது ஆடுகிறவர்களைவிடக் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் அதிகம். மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் மிதிக்கிற சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ காலமாகிறது.

தீபா, காசு வேண்டாம். மெஷின் பேர் இருக்கட்டும், அதுவும் உழைத்திருக்கிறது. அதற்கு மேலே என் பேரைப் போடு. கிள்ளான் அங்கிள் என்று போடாதே. ஐசி அட்டையில் இருக்கிறபடி, அப்பா பேரோடு, முழுசாகப் போடு.